இருக்கறதுலயே பெருசு

முதலிலேயே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறேன். பத்தாவது வரைக்கும் தமிழ் படித்துவிட்டு, பதினொன்றாவதில் பிரெஞ்சுக்குத் தாவிய கூட்டத்தில் நானும் ஒருவன். விக்தோர் ஹ்யூகோவை மூலத்தில் படிக்க வேண்டும் என்ற தாகமெல்லாம் இல்லை. மார்க்குதான். 2006இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பில் ஆரம்பித்து, வருடத்துக்கு ஒரு வகுப்பாக ஏறி, பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கியது. பதினொன்றில் கதவு திறந்துவிடும். "பிரெஞ்சு எடுத்தா டோட்டல் எகிறும்" என்று யாரோ சொல்ல, கும்மிடிப்பூண்டியில் இருந்து ஒரு கும்பலே அந்தக் கதவு வழியாக ஓடியது. பி.காம். வந்த பிறகும் பகுதி ஒன்றில் அதே பிரெஞ்சுதான். இரண்டு வருடம் படித்ததை விட்டுவிட மனசு வரவில்லை.

அந்தப் பதினொன்றாவதில், டியூஷனில் ஒருநாள் சூப்பர்லேட்டிவ் நடந்தது. தமிழ் இலக்கணப் புத்தகங்கள் இதை உச்சநிலை என்றோ மிகையுயர்நிலை என்றோ சொல்லும். நான் உச்சநிலை என்றே எழுதுகிறேன். பயிற்சியில் ஐந்துக்கு நான்கு தப்பாகப் போட்டேன். மாஸ்டர் நோட்டைப் பார்த்துவிட்டு, "உங்க தமிழ்ல சூப்பர்லேட்டிவே கிடையாது. அதான் உங்களுக்கு மண்டையில ஏற மாட்டேங்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதைவிட மோசம், ரொம்ப நாள் நம்பவும் செய்தேன். தமிழை விட்டு வந்தவனுக்கு அப்படி ஒரு காரணம் கிடைத்தால் சௌகரியம்தானே.

நம்பிக்கை உடைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழவேற்காட்டில் நண்டு வாங்கப் போனோம். கூடைக்காரம்மா கைக்கு வந்ததை அள்ளப் போக, எங்கள் ஆயா தடுத்து, "அதெல்லாம் வேணாம்மா, இருக்கறதுலயே பெருசா நாலு எடு" என்றார். ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டேன். இருக்கறதுலயே பெருசு. இது உச்சநிலை இல்லாமல் வேறென்ன? பள்ளிக்கூடம் போகாத ஆயாவுக்கு இருக்கிறது, மொழிக்கு இல்லையாமா?

சரி, பிரெஞ்சில் இது எப்படி வருகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். விதி ரொம்பச் சின்னது. க்ரான் என்றால் பெரிய, உயரமான. ப்ளு க்ரான் என்றால் இன்னும் உயரமான. லெ ப்ளு க்ரான் என்றால் எல்லோரிலும் உயரமான. அதாவது ஒப்பீட்டுக்கு முன்னால் 'லெ' என்ற ஆர்ட்டிகிளைப் போட்டால் உச்சநிலை முடிந்தது. பெண்பால் என்றால் லா ப்ளு க்ரான்த். பன்மை என்றால் லே. குறைந்தது என்று சொல்ல ப்ளு இருக்கும் இடத்தில் முவான். "வகுப்பிலேயே" என்று சொல்ல 'தெ' போட்டு, தெ லா க்ளாஸ். இங்கிலீஷ் பழக்கத்தில் 'உள்ளே' என்று பொருள் தரும் 'தான்' போட்டால் சிவப்பு வட்டம் விழும். (அந்த நாலு தப்பில் ரெண்டு இதுதான்.) பெயரடை பெயருக்குப் பின்னால் வந்தால் ஆர்ட்டிகிள் இரண்டு தடவை வரும். லா வில் லா ப்ளு பெல். "அழகிலேயே அழகான ஊர்" என்பதை "அந்த ஊர் அந்த இன்னும் அழகான" என்று அடுக்குகிறார்கள். வினையடை என்றால் எப்போதும் லெ, மாறவே மாறாது. அப்புறம் நல்ல என்ற பொருளுள்ள போன் இருக்கிறது. அதற்கு ப்ளு போடக்கூடாது. மெயேர், லெ மெயேர் என்று தனி வழி.

அவ்வளவுதான் பாடம். சரித்திரம் இதற்குப் பின்னால் இருக்கிறது. மாஸ்டர் சொல்லாத பகுதியும் அதுதான்.

பிரெஞ்சின் தாய் லத்தீன். லத்தீனில் பெயரடையின் வாலிலேயே எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. கிரான்டிஸ் பெரியது, கிரான்டியோர் இன்னும் பெரியது, கிரான்டிஸ்ஸிமுஸ் எல்லாவற்றிலும் பெரியது அல்லது மிகப் பெரியது. ஒரே சொல், மூன்று வால். நான்காம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர் தொனாத்துஸ் இவற்றை மூன்று படிகள் என்று எண்ணி எழுதி வைத்தார். நாம் ஆறாம் வகுப்பில் பாசிட்டிவ், கம்பேரட்டிவ், சூப்பர்லேட்டிவ் என்று கட்டம் போட்டு மனப்பாடம் செய்ததற்கு இதுதான் மூலம். "ராமைப் போல் உயரமான பையன் வேறு யாரும் இல்லை", "வேறு எந்தப் பையனை விடவும் ராம் உயரம்", "ராம்தான் உயரத்தில் முதல்" என்று ஒரே வாக்கியத்தை மூன்று விதமாக மாற்றி எழுதினோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த ராமுக்கு இன்றுவரை உயரம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

ஜூலியஸ் சீசர் கால் பகுதியைப் பிடித்தது கி.மு. 58க்கும் 50க்கும் இடையில். அங்கே சிப்பாயும் வியாபாரியும் பேசிய லத்தீன் புத்தக லத்தீன் இல்லை. பேச்சில் வால்கள் தேயத் தொடங்கின. "இன்னும்" என்று சொல்ல, தனியாக ஒரு சொல்லை முன்னால் வைப்பது சுலபமாக இருந்தது. கால் நாட்டிலும் இத்தாலியிலும் அந்தச் சொல் ப்ளுஸ். ஸ்பெயின் பக்கமும் ருமேனியா பக்கமும் மாகிஸ். இன்றைக்கும் ஸ்பானிஷில் மாஸ், பிரெஞ்சில் ப்ளு என்று இருப்பது இதனால்தான். 842இல் எழுதப்பட்ட ஸ்திராஸ்பூர் உறுதிமொழிகளைப் பிரெஞ்சின் பிறப்புச் சான்றிதழ் என்பார்கள். அதற்கு வெகு காலம் முன்பே பேச்சு மொழியில் இஸ்ஸிமுஸ் தன் கம்பெனியை இழுத்து மூடிவிட்டது.

முழுக்கச் செத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. பழைய பிரெஞ்சில் மத வாசனை உள்ள சொற்களில் 'இஸ்ம்' என்ற வாலாகக் கொஞ்ச காலம் தொங்கியது. சேன்திஸ்ம் என்றால் மிகப் புனிதமான. பிறகு அதுவும் உதிர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய மோகம் பிடித்தபோது பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தது. மெதிச்சி குடும்பத்து கத்தரீன் பிரான்சின் ராணியாக இருந்த காலம். அரண்மனையில் இத்தாலியச் சொல் பேசினால்தான் மரியாதை. அப்படி நுழைந்தவைதான் ரிஷிஸ்ஸீம் (பெரும் பணக்கார), ராரிஸ்ஸீம் (அபூர்வத்திலும் அபூர்வமான), ஜெனரலிஸ்ஸீம் மாதிரியான சொற்கள். ஆன்ரி எத்தியென் என்ற அறிஞருக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. இத்தாலியம் கலந்த புதிய பிரெஞ்சைக் கிண்டல் செய்து 1578இல் ஒரு புத்தகமே போட்டார். தங்கிலீஷைத் திட்டி நம் ஆட்கள் எழுதுகிற மாதிரி. திட்டியும் அந்தச் சொற்கள் போகவில்லை. ஆனால் அவை "மிக மிக" என்று மட்டும்தான் சொல்லும். "இவர்களுக்குள் முதல்" என்று சொல்லாது. அந்த வேலைக்கு லெ ப்ளுதான்.

இந்த 'லெ' எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். லத்தீனில் ஆர்ட்டிகிளே கிடையாது. "அந்த" என்று பொருள்படும் இல்லெ என்ற சுட்டுச்சொல் தேய்ந்துதான் லெ ஆனது. ஆக, லெ ப்ளு க்ரான் என்பதைப் பிரித்துப் பார்த்தால் "அந்த இன்னும் பெரிய". உச்சத்துக்கென்று தனி உறுப்பு எதுவும் அதில் இல்லை. ஓர் ஒப்பீடும் சுட்டும் ஒரு விரலும் மட்டும்தான்.

லெ மெயேரும் அப்படியே. லத்தீனில் நல்லது போனுஸ், இன்னும் நல்லது மெலியோர், எல்லாவற்றிலும் நல்லது ஒப்திமுஸ். பிரெஞ்சு அன்றாடப் பேச்சு மூன்றாவதைத் தொலைத்துவிட்டு, நடுவில் இருந்த மெலியோரை மெயேர் ஆக்கி, அதற்கு ஒரு லெ மாட்டி இரண்டு வேலையும் வாங்குகிறது.

தொலைந்த உச்சநிலைகள் எங்கே போயின என்று கேட்டால், நம் காமர்ஸ் புத்தகத்துக்குத்தான்! மாக்சிமம், மினிமம், ஆப்டிமம் மூன்றுமே அசல் லத்தீன் உச்சநிலைகள். கும்மிடிப்பூண்டி பஜாரில் எந்தக் கடையில் ஒரு சோப்பை எடுத்துத் திருப்பினாலும் எம்.ஆர்.பி. என்று போட்டிருக்கும். அந்த 'எம்' ரோமாபுரியின் உச்சநிலை. சீனியர், ஜூனியர், மேஜர், மைனர் எல்லாம் லத்தீன் ஒப்பீடுகள். காஸ்ட் அக்கவுன்டிங் வகுப்பில் தூங்கும்போது இதையாவது நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு தடவை ஆர்ட்டிகிள் போடும் அந்தத் தொல்லை எப்போது வந்தது? ரொம்ப நாள் அது கட்டாயமாக இல்லை. "அந்த ஊர் இன்னும் அழகான" என்று ஒரே ஆர்ட்டிகிளோடு எழுதினாலும் உச்சநிலையாக எடுத்துக்கொண்டார்கள். ஸ்பானிஷும் இத்தாலியனும் இன்றைக்கும் அப்படித்தான். 1635இல் பிரெஞ்சு அகாடமி தொடங்கியபோது அதில் இருந்த வோஜ்லா என்பவர், 1647இல் வெளியிட்ட மொழிக் குறிப்புகள் நூலில், பெயருக்குப் பின்னால் ப்ளுவோடு வரும் பெயரடைக்குத் தனியாக ஆர்ட்டிகிள் வேண்டும் என்று விதித்தார். அதற்குப் பிறகும் ராசின் போன்ற பெரிய நாடகாசிரியரே சில இடங்களில் விட்டிருக்கிறார். அவருக்கு யாரும் சிவப்பு வட்டம் போடவில்லை. என்ன செய்ய, நான் ராசின் இல்லை.

இப்போது கடலுக்கு இந்தப் பக்கம் வருவோம். ஐரோப்பியர்கள் நம் மொழிக்கு இலக்கணம் எழுத உட்கார்ந்தபோது தொனாத்துஸின் அந்த மூன்று கட்டமும் அவர்களுடனேயே கப்பலேறி வந்தது. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. வீரமாமுனிவர் என்று நாம் அறிந்த பெஸ்கியின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. இரண்டும் லத்தீனில் எழுதப்பட்டவை. லத்தீனில் படித்து வளர்ந்தவர் ஒரு புது மொழியைப் பார்த்தால் முதலில் தேடுவது லத்தீனில் உள்ள அறைகளைத்தான். பாண்டிச்சேரியில் முசே, துய்ப்பி என்ற இரண்டு பாதிரியார்கள் தமிழ் - பிரெஞ்சு அகராதியை 1855லும் 1862லும் இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்தார்கள். அந்த இரண்டு வருடங்களுக்கு நடுவில், 1856இல்தான் கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வந்தது.

கால்டுவெல் இந்தக் கேள்வியைத் தொட்டிருக்கிறார். இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் பெயரடையோடு ஒட்டும் உறுப்பால் ஒப்பீடும் உச்சமும் வருகின்றன, திராவிட மொழிகளில் அப்படி இல்லை, செமித்திய மொழிகளின் முறைக்கு நெருக்கமாக வாக்கிய அமைப்பிலேயே வருகின்றன என்பது அவர் கருத்து. கவனித்துப் படித்தால் அவர் சொன்னது தப்பே இல்லை. தமிழில் 'பெரிய' என்ற சொல்லில் ஒட்ட ஒரு வால் கிடையாது. ஆனால் அதே அளவுகோலைப் பிரெஞ்சுக்கும் வைத்துப் பாருங்கள். மெயேர், பீர் மாதிரி கையளவு சொற்களைத் தள்ளிவிட்டால் அங்கேயும் வால் இல்லை. வால் இல்லாததால் தமிழுக்கு உச்சநிலை இல்லை என்றால், பிரெஞ்சுக்கும் கிட்டத்தட்ட இல்லை. டியூஷனில் அன்றைக்கு எனக்கு இது தெரிந்திருந்தால்... சரி, தெரிந்திருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

நம் இலக்கணக்காரர்கள் இதை எங்கே வைத்தார்கள்? பெயரடையில் இல்லை, வேற்றுமையில். பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று நான்கு பொருள் சொல்கிறது. ஒன்றைவிட ஒன்று மேல் என்று உறழ்ந்து சொல்வதை உரைகாரர்கள் அந்த 'ஒப்பு'க்குள் அடக்குகிறார்கள். அதாவது தமிழில் குறி விழுவது உயர்ந்த பொருளின் மேல் இல்லை, அது எதிலிருந்து உயர்ந்ததோ அதன் மேல். "அவனை விட" என்பதில் உள்ள 'விட' கூட, விடு என்பதிலிருந்து வந்ததுதான். அவனை விட்டுவிடு, மிச்சத்தைப் பார் என்கிற மாதிரி. இதோடு ஓர் 'உம்' சேர்த்து "எல்லாரையும் விட", "எல்லாவற்றிலும்" என்றால் உச்சநிலை வந்துவிடும். பேச்சில் 'உம்'முக்குப் பதில் ஏகாரம் போடுகிறோம். இருக்கறதுலயே, உள்ளதிலேயே, வகுப்பிலேயே. பிரெஞ்சு ஒப்பீட்டின் முன்னால் ஒரு 'லெ' வைக்கிறது. தமிழ் ஒப்பிடும் கூட்டத்தின் பின்னால் ஓர் 'உம்' அல்லது 'ஏ' வைக்கிறது. இரண்டுமே ஒற்றை எழுத்துச் சமாச்சாரம்தான்.

வால் ஒட்டிய உச்சநிலைகளும் நம்மிடம் புழங்குகின்றன, வடமொழிச் சரக்காக. ஜேஷ்ட, கனிஷ்ட, சிரேஷ்ட என்பதில் வரும் 'இஷ்ட'வும் இங்கிலீஷ் பெஸ்ட், பிக்கஸ்டில் வரும் 'எஸ்ட்'டும் ஒரே பூர்வீகம். இலங்கையில் சீனியர் லெக்சரரை சிரேஷ்ட விரிவுரையாளர் என்கிறார்கள். லத்தீன் ஒப்பீட்டை வடமொழி உச்சநிலையால் மொழிபெயர்த்திருக்கிறார்கள் பாருங்கள்! ஒரு துறையில் பத்து சிரேஷ்டர்கள் இருக்கலாம்.

நன்னூல் முறையில் ஒரு சிக்கல் உண்டு. அதை மறைத்தால் நான் கட்சி கட்டுகிறேன் என்பீர்கள். "எதில்?" என்று சொல்லாமல் தமிழில் உச்சநிலை நிற்காது. இங்கிலீஷில் வெறுமனே "த பெஸ்ட்" என்று பலகை மாட்டலாம். பிரெஞ்சிலும் லெ மெயேர் என்று முடித்துக்கொள்ளலாம். தமிழில் "மிகச் சிறந்த" என்று எழுதினால் அது ரொம்ப நல்லது என்பதோடு நின்றுவிடுகிறது. மிக என்பதற்குப் பொருள் அதிகமாக என்பதுதான், முதலாவதாக என்பது இல்லை. பிரெஞ்சில் இந்த வேலைக்குத் த்ரே இருக்கிறது. தாண்டி என்று பொருள்படும் லத்தீன் த்ரான்ஸிலிருந்து வந்தது. பத்திரிகைத் தமிழ் இங்கிலீஷ் செய்தியை மொழிபெயர்த்து மொழிபெயர்த்து 'மிக'வின் தலையில் இரண்டு மூட்டையையும் ஏற்றிவிட்டது. "உலகின் மிகப் பெரிய" என்றால் உச்சநிலை. முன்னால் உள்ள 'உலகின்' போய்விட்டால் வெறும் ரொம்பப் பெரிய. இதில் நிறைய விளம்பரங்கள் பிழைப்பு நடத்துகின்றன. ஒப்பந்தச் சட்டத்தில் கார்பாலிக் ஸ்மோக் பால் வழக்கு படித்தோமே, 1892இல் தீர்ப்பானது. எங்கள் விளம்பரம் வெறும் ஊதல்தான், வாக்குறுதி இல்லை என்று கம்பெனி வாதாடித் தோற்றது. எதில், எவ்வளவு என்று எழுதாதவரைதான் ஊதல் ஊதலாக இருக்கும்.

பிரெஞ்சுக்கும் இந்தச் சந்தேகம் உள்ளுக்குள் இருக்கிறது. "நான் படித்ததிலேயே நல்ல புத்தகம்" என்பதைப் பிரெஞ்சில் சொல்லும்போது, லெ மெயேருக்குப் பின் வரும் 'படித்த' என்ற வினையைச் சாதாரண வடிவில் போட மாட்டார்கள். சப்ஜங்டிவ் என்ற, எண்ணத்துக்கும் ஐயத்துக்கும் உரிய வடிவில் போடுவார்கள். இது என் அபிப்பிராயம், நிரூபித்த உண்மை இல்லை என்று இலக்கணமே கிசுகிசுப்பது போல. இப்போது மறுபடி அந்தத் தமிழ் வாக்கியத்தைப் பாருங்கள். "படித்ததிலேயே". எல்லைக்கோடு வந்துவிட்டது. நான் படிக்காத புத்தகங்களுக்கு இதில் பேச்சில்லை.

நம் பக்கத்து உதாரணம் ஒன்றும் உண்டு. கும்மிடிப்பூண்டி தாலுகா தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் இருக்கிற பிரெஞ்சு டயர் கம்பெனி மிஷெலான். 2009இல் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டு வந்தது. ஊரில் பலர் வாயில் அது மிச்சலின். அந்தக் கம்பெனி 1900 முதல் பிரான்சில் ஒரு பயணக் கையேடு போடுகிறது, காரில் போனால்தானே டயர் தேயும் என்ற கணக்கில். 1930களில் ஓட்டல்களுக்கு மூன்று நட்சத்திரப் படிகள் வைத்தார்கள். அந்த மூன்றாவது படிக்குக்கூட "எல்லாவற்றிலும் சிறந்தது" என்று விளக்கம் கொடுக்கவில்லை. இரண்டு நட்சத்திரம் என்றால் வழியை மாற்றிக்கொண்டு போகலாம், மூன்று என்றால் அதற்காகவே பயணம் கிளம்பலாம். 

போன வாரம் ரயிலில் வந்து இறங்கி, வீட்டில் இதையெல்லாம் ஆயாவிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். பாதியில் தூங்கிவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. "நண்டு வாங்கறப்ப நா சொன்னேனே, அத அவங்க எப்பிடிடா சொல்லுவாங்க?" என்றார்.

"லெ ப்ளு க்ரோ, ஆயா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "எதுலன்னு சொல்லவே இல்லியேடா?"